பெருக்கலும் வகுத்தலும்: மின்தடை, மின்திறன் கணக்கு குறித்து ஒரு மீள்பார்வை

'மின்தடை' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. செய்தித்தாளில் "நாளை மின்தடை" என்று வந்தால், காலையில் கரண்ட் போய் மாலையில்தான் வரும். இயற்பியல் பாடநூலில் அதே சொல் வந்தால், தன் வழியே ஓடும் மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு. முதலாவதில் மின்சாரமே இல்லை. இரண்டாவதில் மின்சாரம் ஓடினால்தான் கணக்கே தொடங்கும்.

'கரண்ட்' என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. "கரண்ட் இல்லை" என்றால் மின் வழங்கல் இல்லை. "கரண்ட் கம்மியா வருது" என்றால் மின்னழுத்தம் குறைவு. "ஏசி ரொம்ப கரண்ட் இழுக்குது" என்றால் ஆற்றல் செலவு அதிகம். மூன்று தனித்தனிப் பொருள்களை ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். பேச்சுக்கு இது குறையில்லை. கணக்குக்கு வரும்போதுதான் இடிக்கிறது.

அந்தக் கணக்கு எளிமையானதாகத்தான் தோன்றும். ஒரு கருவியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை வோல்ட்மீட்டரால் அளக்கிறோம். அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அம்மீட்டரால் அளக்கிறோம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். ஆனால் இந்த இரண்டு வரிகளும் ஒரே தரத்தவை அல்ல. பெருக்கல், எந்தக் கருவிக்கும் எந்தக் கணத்திலும் பொருந்தும் ஆற்றல் கணக்கு. வகுத்தல், பொருளுக்குப் பொருள், நிலைக்கு நிலை மாறக்கூடிய விடை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைப்பதுதான் நம் மின்னியல் கல்வியின் பெரிய குறை என்பது என் கருத்து. அதை வரலாற்றையும் அன்றாட அனுபவத்தையும் வைத்துப் பார்ப்போம்.

அலகுகள் சொல்லும் உண்மை

ஒரு வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 8.7 ஆம்பியர். வகுத்தால் 26.4 ஓம், பெருக்கினால் ஏறத்தாழ 2,000 வாட்.

இந்தப் பெருக்கல் ஏன் சரி என்பதை அலகுகளே சொல்லிவிடுகின்றன. ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகையில் எத்தனை ஜூல் ஆற்றலைக் கொடுக்கிறது என்பதே வோல்ட். ஒரு விநாடியில் எத்தனை கூலும் போகிறது என்பது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கூலும் அடிபட்டு, விநாடிக்கு இத்தனை ஜூல் என்பது மிஞ்சும். அதுதான் வாட். இந்த வாதத்தில் கம்பி செம்பா இரும்பா, சூடா குளிரா என்ற பேச்சே எழவில்லை. ஆகவே விளக்கு, மோட்டார், பேட்டரி, கைபேசி என எதற்கும் இது செல்லும்.

வகுத்தலில் வருவது அப்படிப்பட்ட எண் அல்ல. ஒரு ஆம்பியரை ஓட்ட எத்தனை வோல்ட் தேவைப்பட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. நாளை வேறு மின்னழுத்தம் கொடுத்தாலும் அதே விகிதம் நிற்குமா என்பது அந்தப் பொருளைப் பொறுத்தது. நிற்கும் என்று சில பொருள்களுக்குக் காட்டியதுதான் ஓம் செய்த பெரும்பணி.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. ஓம் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தபடியே சோதனைகளைத் தொடங்கினார். அவருக்கு முன் நின்ற முதல் தடை, நிலையான மின்மூலம் இல்லாததுதான். அன்றைய மின்கலமான வோல்ட்டா அடுக்கில் மின்னழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கியது. இயற்பியலாளர் பொக்கெண்டார்ஃப் சொன்ன யோசனையை ஏற்று, வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். செம்பும் பிஸ்மத்தும் சேரும் இரு சந்திகளில் ஒன்று கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலைகளும் மாறாதவை என்பதால் மின்னழுத்தமும் அசையாமல் நின்றது.

அந்த நாளில் அம்மீட்டர் என்ற கருவி கிடையாது. முறுக்குக் கம்பியில் தொங்கும் காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதுதான் மின்னோட்டத்தின் அளவு. ஒரே தடிமனில், 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். கம்பியின் நீளத்தோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் இன்னொரு மாறா எண்ணை வகுத்தால் ஊசியின் விலகல் வந்தது. இன்றைய மொழியில், கூட்டப்பட்ட எண் மின்மூலத்தின் உள்தடையையும் சுற்றின் மற்ற பகுதிகளின் தடையையும் குறிக்கிறது. வகுபட்ட எண் மின்னியக்கு விசை. 1826-இல் சோதனை முடிவுகளும் 1827-இல் கணித விளக்கத்தோடு நூலும் வெளிவந்தன. வெப்பம் கடத்தப்படுவதை ஃபூரியே விளக்கிய முறையை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்ட அந்த நூலுக்குச் சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் கோப்ளி பதக்கம் அளித்த பிறகே அவர் புகழ் நிலைபெற்றது.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஓம் அளந்தவை வெப்பநிலை பெரிதாக மாறாத உலோகக் கம்பிகள். அவருடைய விதி அந்த எல்லைக்குள் பிறந்த விதி.

ஜூல் சேர்த்த வெப்பக் கணக்கு

கணக்கின் மறுபாதியான திறனைத் தந்தவர் இங்கிலாந்தின் சால்ஃபோர்டைச் சேர்ந்த, மதுவடிப்புத் தொழில் நடத்திய குடும்பத்தின் மகனான ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். கம்பிச் சுருளை நீரில் மூழ்க வைத்து, மின்னோட்டம் செலுத்தி, நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். 1841-இல் அவர் வெளியிட்ட முடிவு: கம்பியில் விநாடிதோறும் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. ரஷ்யாவில் லென்ஸும் தனியே இதே முடிவுக்கு வந்தார்.

அளக்கப் பொது அலகு வேண்டுமே. பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1861-இல் அமைத்த குழுவில் வில்லியம் தாம்சனும் பின்னர் மாக்ஸ்வெல்லும் உழைத்தனர். 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற பெயர்களை உறுதி செய்தது. வாட் என்ற பெயரை 1882-இல் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் 106.3 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பாதரசத் தம்பத்தின் தடையே ஒரு ஓம் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். 1980-இல் கிளாஸ் ஃபான் கிளிட்சிங் குவாண்டம் ஹால் விளைவைக் கண்ட பிறகு, 25,812.807 ஓம் என்ற இயற்கையின் எண்ணே மின்தடைக்கு அளவுகோல் ஆயிற்று.

ஒரே திறனுக்கு மூன்று வாய்பாடுகள்

ஓம் விதியையும் பெருக்கலையும் இணைத்தால் திறனுக்கு மேலும் இரண்டு வாய்பாடுகள் கிடைக்கும். ஒன்று, மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. மற்றொன்று, மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் வாய்பாட்டின்படி தடை கூடினால் வெப்பம் கூடும், இரண்டாவதன்படி குறையும். எது சரி?

இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. நம் வீட்டு மின்சுற்றில் எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் இருப்பதால் மின்னழுத்தம் மாறுவதில்லை. ஆகவே தடை குறைந்த கருவிதான் அதிகத் திறன் எடுக்கும். 100 வாட் குண்டு பல்புக்குத் தடை 529 ஓம், 60 வாட் பல்புக்கு ஏறத்தாழ 882 ஓம். இவற்றையே தொடராக இணைத்தால் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். இந்தத் தடைகள் மாறாது என்று கொண்டால் மின்னோட்டம் 0.163 ஆம்பியர். 60 வாட் பல்பில் 23.4 வாட், 100 வாட் பல்பில் 14 வாட். சிறிய பல்புதான் கூடுதல் வெளிச்சம் தரும்.

இந்தக் கணக்கைத் தொழிலாக்கியவர் எடிசன். 1870-களின் இறுதியில் பலரும் சில ஓம் தடையுள்ள விளக்குகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றுக்குப் பெரிய மின்னோட்டம் தேவை. அதைக் கொண்டுசேர்க்கத் தடித்த செம்புக் கம்பி தேவை. அந்தச் செம்பின் விலையிலேயே தொழில் மூழ்கிவிடும். எடிசனும் அவருடைய கணித உதவியாளர் அப்டனும் கணக்கிட்டு, நூறு ஓம் அளவுக்குத் தடை உயர்ந்த இழையைத் தேடினார்கள். 1879-இல் கரி இழை விளக்கு வந்தது. 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

நம் வீட்டில் முதல் வாய்பாடு ஆபத்தாக வரும் இடம், லூஸ் கான்டாக்ட். 15 ஆம்பியர் ஓடும் பிளக்கில் பிடிப்புத் தளர்ந்து 0.2 ஓம் தடை உண்டானால், அந்தச் சிறு இடத்தில் 45 வாட் வெப்பம் பிறக்கும். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்ததற்குச் சமம். மின்னோட்டம் வரம்பைத் தாண்டவில்லை என்பதால் எம்.சி.பி. விழாது. பிளக் பாயின்ட் பழுப்பேறிக் கருகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வகுத்தல் தடுமாறும் இடங்கள்

அணைந்திருக்கும் 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். சுமார் 40 ஓம் காட்டும். அதை நம்பித் திறனைக் கணக்கிட்டால் 1,300 வாட்டுக்கு மேல் வரும். பல்பு எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 செல்சியஸ் பாகையை நெருங்குகிறது, தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. எரிகையில் அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் சரியான 100 வாட் வரும்.

எல்.இ.டி. விளக்கின் குறைகடத்திச் சந்தி இன்னும் தெளிவான சான்று. அதில் மின்னழுத்தம் சற்றே ஏறினால் மின்னோட்டம் பல மடங்கு பெருகும். வகுத்து வரும் எண் ஒவ்வொரு புள்ளியிலும் வேறு. வெள்ளை எல்.இ.டி. ஒன்றில் 3 வோல்ட்டில் 0.02 ஆம்பியர் ஓடினால் திறன் 0.06 வாட் என்பதில் ஐயமில்லை. "இதன் தடை 150 ஓம்" என்பது அந்த ஒரு நிலைக்கு மட்டுமே உண்மை.

மோட்டாரில் வகுத்தல் முற்றிலும் வழி தவறும். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுக்கும் பம்புக்கு வகுத்தால் ஏறத்தாழ 29 ஓம். அதன் காயிலை மல்டிமீட்டரில் அளந்தாலோ சில ஓம்தான் காட்டும். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதுதான். மோட்டார் ஜாம் ஆகி நின்றால் அந்த எதிர்விசை இல்லாமல் போகும், மின்னோட்டம் பல மடங்கு எகிறும், காயில் எரியும்.

உயிரோடு தொடர்புள்ள சான்றும் ஒன்று உண்டு. உலர்ந்த தோலோடு மனித உடலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கலாம். ஈரக் கையோடு, வெறுங்காலோடு நின்றால் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீட்டுக்கான கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பை அறுக்கும்படி வடிவமைக்கப்படுவது ஏன் என்று இப்போது விளங்கும். "போன தடவை தொட்டேன், லேசாத்தான் அடிச்சுது" என்பவர்கள், தங்கள் உடலின் தடை மாறாதது என்று தவறாக நம்புகிறார்கள்.

மாறுதிசையில் பெருக்கலுக்கும் ஒரு நிபந்தனை

பெருக்கல் எங்கும் பொருந்தும் என்றேன். ஒரு கணத்து மின்னழுத்தத்தையும் அதே கணத்து மின்னோட்டத்தையும் பெருக்கும்போதுதான் அது முழு உண்மை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையடிக்கிறது. ஹீட்டர் போன்ற வெறும் தடையில் இரண்டு அலைகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். மோட்டாரின் கம்பிச் சுருளிலோ மின்னோட்ட அலை பின்தங்கி வருகிறது. சில கணங்களில் மோட்டார் ஆற்றலை வாங்குகிறது, சில கணங்களில் திருப்பியும் தருகிறது. மீட்டர்கள் காட்டும் 230-ஐயும் 8-ஐயும் பெருக்கி வரும் 1,840 என்பது தோற்றத் திறன். திறன் காரணி 0.75 என்றால், உண்மைத் திறன் 1,380 வாட். வகுத்து வரும் 29 ஓமுக்கும் இங்கே மின்தடை என்ற பெயர் பொருந்தாது. அது மின் எதிர்ப்பு, அதாவது தடையும் சுருளின் விளைவும் சேர்ந்தது.

அளக்கும் கருவியின் குறுக்கீடு

சரியாக அளந்தோமா என்பது அடுத்த கேள்வி. வோல்ட்மீட்டரை அளக்க வேண்டிய தடைக்கு மட்டும் குறுக்கே இணைக்கலாம், அம்மீட்டரையும் சேர்த்து இரண்டுக்கும் குறுக்கே இணைக்கலாம். முதல் முறையில் வோல்ட்மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் கணக்கில் புகும், இரண்டாவதில் அம்மீட்டரின் மின்னழுத்தம் புகும்.

அம்மீட்டரின் தடை 0.5 ஓம், வோல்ட்மீட்டருடையது 10,000 ஓம் என்று கொள்வோம். 5 ஓம் தடையை இரண்டாம் முறையில் அளந்தால் 5.5 வரும், பத்து விழுக்காடு பிழை. முதல் முறையில் 4.998 வரும். 5,000 ஓம் தடைக்கு நிலைமை தலைகீழ். முதல் முறையில் 3,333 என்று பெரும்பிழை, இரண்டாம் முறையில் 5,000.5. சிறு தடைக்கு வோல்ட்மீட்டர் அதன் முனைகளிலேயே, பெருந்தடைக்கு அம்மீட்டரையும் அணைத்து என்பதே விதி. கிறிஸ்டி 1833-இல் விவரித்து, வீட்ஸ்டோன் 1843-இல் பரவலாக்கிய சமனச் சுற்று, அளக்கும் கருவியில் மின்னோட்டமே ஓடாத நிலையைத் தேடி ஒப்பிடுவதால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பியது.

தோட்டத்து ஒயரும் நெடுந்தொலைவுக் கம்பியும்

மீட்டர் பெட்டியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு பம்ப். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தால், போக வர இருநூறு மீட்டருக்கு 2.4 ஓம். 8 ஆம்பியர் ஓடினால் ஒயரில் மட்டும் 19 வோல்ட் விழுகிறது, 154 வாட் வீணாகிறது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் இழப்பு 60 வாட்டுக்குள் அடங்கும். ஒயர் வாங்கும் நாளில் மிச்சம் பிடித்ததை, மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணியிலும் இழந்துகொண்டிருக்கிறோம்.

லோ வோல்டேஜிலும் இதே பாடம் உண்டு. 180 வோல்ட்டில் நம் 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 1,225 வாட்தான் தரும். தண்ணீர் தாமதமாகச் சுடும், அதைத் தாண்டி ஆபத்தில்லை. பம்ப் மோட்டார் அப்படியல்ல. ஏற்ற வேண்டிய நீரின் பளு குறையாததால், அழுத்தம் குறைய அது கூடுதல் மின்னோட்டம் எடுக்கும். காயிலின் வெப்பம் அந்த மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். கோடையில் உழவர்களின் மோட்டார்கள் எரிவதற்குப் பின்னால் ஜூல் 1841-இல் கண்ட அதே விதி நிற்கிறது.

பெரிய அளவில் பார்க்க, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் நேர்திசை மின்தடத்தைச் சொல்லலாம். நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர், திறன் 6,000 மெகாவாட், மின்னழுத்தம் நிலத்தைவிட 800 கிலோவோல்ட் மேலும் கீழுமாக மொத்தம் 1,600 கிலோவோல்ட். வகுத்தால் மின்னோட்டம் 3,750 ஆம்பியர். இதே திறனை 400 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 15,000 ஆம்பியர், அதே கம்பியில் வெப்ப இழப்பு 16 மடங்கு. உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் ஊர் ஊராக நிற்பதற்கு இந்த ஒரு வர்க்கமே காரணம்.

நாம் செய்ய வேண்டியது

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவாகிறது. முதலில் கற்பிக்க வேண்டியது திறன், அதாவது பெருக்கல். அது ஆற்றலின் கணக்கு, பொருளைப் பொறுத்து மாறாதது, மாணவரின் வீட்டு மீட்டரோடு நேரடித் தொடர்புள்ளது. 2,000 வாட் ஹீட்டர் நாளுக்கு அரை மணி ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசம் என்று 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்பு நாளுக்கு ஐந்து மணி எரிந்தாலும் 2.7 யூனிட்தான். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த குழந்தை மின்சாரத்தைக் கண்டு மிரளாது.

அதன் பிறகே வகுத்தல். அதையும் ஒரு கேள்வியோடு கற்பிக்க வேண்டும்: இந்த விகிதம் எந்த வெப்பநிலையில், எந்த மின்னழுத்தத்தில், ஓடும்போதா நிற்கும்போதா? ஆய்வகத்தில் நிக்ரோம் கம்பியை மட்டும் வைத்து நேர்கோடு வரையச் சொல்லாமல், பக்கத்திலேயே ஒரு டார்ச் பல்பையும் எல்.இ.டி.யையும் வைத்து, வளைந்த கோடுகளையும் வரையச் சொல்லுங்கள். ஓம் விதியின் எல்லையைக் கண்ணால் பார்த்த மாணவர் அதன் அருமையையும் உணர்வார்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ பத்து நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கின் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், அங்கே இருக்கக்கூடாத ஒரு மின்தடை இருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.